தாத்தா சிங்கப்பூர் ஜெனரல் ஆஸ்பத்திரியில் "டாக்டர்களுக்கே பாடம் சொன்னவர்" என்கிறார்கள். நம்பலாமா?

தேக்கா பேத்தி எழுதியது:

அம்மாவின் தோ பாயோ வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் ஒரு படம் கிடைத்தது. வெள்ளை அரைக்கை சட்டையும் வெள்ளைக் கால்சட்டையும் போட்ட 5 ஆண்கள், பின்னால் பேங்க் கட்டடம் மாதிரி தடித்தடியான கல்தூண்கள். வலது ஓரத்தில் நிற்பவர் என் தாத்தா. மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க, இவர் மட்டும் இடது கையில் ஒரு பெரிய சாவிக்கொத்தைப் பிடித்திருக்கிறார். படத்தின் பின்பக்கம் பென்சிலில் "ஜெனரல் ஆஸ்பத்திரி 1951" என்று இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் சின்ன வயதிலிருந்து கேட்டுவரும் கதை ஒன்று உண்டு. தாத்தா "எட்வர்ட் காலேஜில்" டாக்டர்களுக்கே பாடம் சொன்னவர். அவர் இறந்தபோது ஒரு சீன டாக்டர் காரில் வந்து அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனாராம், அதுதான் அத்தாட்சி. ஆனால் தாத்தாவுக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. தமிழில் கையெழுத்துப் போடுவார், சந்தை மலாய் சரளமாகப் பேசுவார், அவ்வளவுதான். இன்னொன்று, வீட்டில் எல்லாரும் கையால் சாப்பிட அவர் மட்டும் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். வெள்ளைக்காரப் பேராசிரியர்களோடு பழகியதால் வந்த பெருமை என்று பாட்டி சொல்வார். நாங்களும் அதை வைத்துக் கிண்டல் செய்திருக்கிறோம்.

என் மகள் உயர்நிலை 2 படிக்கிறாள். குடும்ப வரலாறு பற்றிப் பள்ளியில் ஒரு செயல்திட்டம். படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னேன், "எந்த மெடிக்கல் ஸ்கூல்மா, இங்க மூணு இருக்கே?" என்று கேட்டுவிட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த எட்வர்ட் காலேஜ் எங்கே இருந்தது, இப்போது என்ன ஆயிற்று, சனிக்கிழமை கூட்டிப்போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்குமா? எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் அங்கே யாருக்காவது பாடம் சொல்லியிருக்க முடியுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். லிங்க் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், தயவுசெய்து.

பழங்கட்டடப் பைத்தியம் எழுதியது:

முதலில் படம். பென்சிலில் எழுதியவர் ஜெனரல் ஆஸ்பத்திரி என்று போட்டிருந்தாலும் தடித்த கல்தூண்கள் என்றால் அது ஆஸ்பத்திரி இல்லை, பக்கத்திலேயே காலேஜ் ரோட்டில் இருக்கும் மருத்துவக் கல்லூரிக் கட்டடம். ஆஸ்பத்திரிக்கு அடையாளம் மணிக்கூண்டு, பௌயர் புளோக் என்பார்கள். இரண்டும் 1926இல் திறந்தவை, இரண்டும் இன்னும் நிற்கின்றன, இரண்டும் தேசிய நினைவுச்சின்னங்கள். கல்லூரிக் கட்டடத்தில் இப்போது சுகாதார அமைச்சு இருக்கிறது. ஆக உங்கள் தாத்தா நின்ற இடம் அப்படியே இருக்கிறது அக்கா, அதே தூண்களுக்கு முன்னால் மகளை நிறுத்திப் படம் எடுக்கலாம்.

இனி கதை. கொஞ்சம் நீளும். 1900 வாக்கில் இங்கே மருத்துவம் படிக்க வழியே கிடையாது. ஆஸ்பத்திரி உதவியாளர் வேலைக்குப் பையன்களை அரசாங்கம் மெட்ராஸுக்கு அனுப்பிப் படிக்க வைத்ததும் உண்டு, நம் ஆட்கள் பலருக்குத் தெரியாத செய்தி இது. 1904இல் டான் ஜியாக் கிம் என்ற வணிகர் தலைமையில் ஊர்ப் பெரியவர்கள் ஆளுநர் ஜான் ஆண்டர்சனிடம் மனுக் கொடுத்தார்கள், எங்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று. 71,000 வெள்ளி (டாலர்) திரட்டிக் காட்டுங்கள், பார்க்கலாம் என்றது அரசாங்கம். இவர்கள் திரட்டியது 87,077 வெள்ளி. அதில் 12,000 டான் ஜியாக் கிம்மின் சொந்தப் பணம். 1905 ஜூலை 3ஆம் தேதி சிப்பாய் லைன்ஸில், அதாவது இந்த ஆஸ்பத்திரி இருக்கும் பகுதியில், பள்ளி தொடங்கியது. எந்தக் கட்டடத்தில் தெரியுமா? பெண்களுக்கான பழைய மனநோய் விடுதியில்! முதல் ஆண்டு மொத்தமே 23 பேர். அதிலும் சிலர் டாக்டருக்கு இல்லை, ஆஸ்பத்திரி உதவியாளருக்குப் படிக்க வந்தவர்கள். 1910இல் முதல் தொகுதியாகத் தேறி வெளியே வந்தவர்கள் 7 பேர்.

சிப்பாய் லைன்ஸ் என்ற பெயரே அங்கே குடியிருந்த இந்தியச் சிப்பாய்களால் வந்தது. ஹொக்கியன் பேசும் பழைய ஆட்கள் இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியை "சி பாய் போ" என்பார்கள். நம்மூர்ச் சிப்பாய் அவர்கள் வாயில் அப்படி ஆகிவிட்டார்.

எட்வர்ட் பெயர் அப்புறம் வந்தது. ஏழாம் எட்வர்ட் மன்னர் நினைவாக நிதி சேர்த்துப் பள்ளிக்குக் கொடுத்தார்கள், 1921இல் அது ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி ஆனது. 1949இல் ராஃபிள்ஸ் கல்லூரியோடு சேர்ந்து மலாயாப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது. அதாவது உங்கள் படம் எடுத்த 1951இல் எட்வர்ட் காலேஜ் என்று ஒன்று காகிதத்தில் இல்லை. ஊர் வாயில் இருந்தது. ஆகவே உங்கள் வீட்டில் சொல்வதில் பிழை இல்லை. பிறகு சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகம், 1980இல் தேசியப் பல்கலைக்கழகம், 2005இல் யோங் லூ லின் மருத்துவப் பள்ளி. பலகை மாறியதே தவிரப் பள்ளி ஒன்றுதான். மகளிடம் அதையே சொல்லுங்கள்.

போர்க்காலத்தையும் அவள் எழுதட்டும். 1942 பிப்ரவரி 14, சிங்கப்பூர் விழுவதற்கு முதல் நாள். குண்டுவீச்சில் இறந்த ஒரு மருத்துவ மாணவரைச் சக மாணவர்கள் கல்லூரி வளாகத்தில் புதைத்துக்கொண்டிருந்தபோது அந்தக் குழியருகிலேயே குண்டுகள் விழுந்து அவர்களிலும் பலர் இறந்தார்கள். அதன்பிறகு ஜப்பானியர் அந்தத் தூண் கட்டடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே பிளேக் கிருமி வளர்த்தார்கள், எலியும் தெள்ளுப்பூச்சியும் வைத்து. பிற்காலத்தில் அமைச்சரான ஒத்மான் வோக் இளைஞராக அங்கே ஆய்வக வேலை பார்த்திருக்கிறார். அந்த வாசலைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும்.

பாடம் சொன்ன விஷயம் எனக்குத் தெரியாது. அதை ஆஸ்பத்திரி ஆட்கள் சொல்லட்டும்.

தூக்கம் கெட்ட ஹவுஸ்மன் எழுதியது:

மூன்று பள்ளிக் குழப்பத்தை நான் தீர்த்து வைக்கிறேன், ஹவுஸ்மன் என்றால் பயிற்சி டாக்டர், ஆன்கால் (இரவுப் பணி) முடிந்து ரயிலில் உட்கார்ந்து தட்டுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும். அண்ணன் சொன்ன 1905 பள்ளியின் வாரிசு இப்போது கெண்ட் ரிட்ஜில் இருக்கும் யோங் லூ லின். தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை 1985இல் அங்கே திறந்த பிறகு பள்ளியின் வீடு அதுதான். பழைய சிப்பாய் லைன்ஸ் வளாகத்தில் இப்போது இருப்பது டியூக்-என்யுஎஸ், ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கியவர்களுக்கானது, 2007இல் முதல் மாணவர்கள். நொவீனாவில் டான் டோக் செங் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது லீ கோங் சியான், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துடையது, 2013இல் தொடக்கம். பழைய இடத்தில் புதுப் பள்ளி, புது இடத்தில் பழைய பள்ளி. இதனால்தான் எல்லாரும் குழம்புகிறார்கள்.

ஆனால் வார்டுக்குள் இந்தப் பிரிவு அவ்வளவாகத் தெரியாது. ஒரே வார்டில் பல பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுவார்கள், ஒரே நோயாளியின் வயிற்றை மாற்றி மாற்றி அமுக்கிப் பார்ப்பார்கள். பாவம் அந்தப் பெரியவர்.

பாடம் சொல்வது பற்றி ஒன்று. எனக்கு முதன்முதலில் சரியாக ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்தது பேராசிரியர் இல்லை, இரவு வேலையில் இருந்த ஒரு சீனியர் ஸ்டாஃப் நர்ஸ். "கையைப் பார்க்காதே, விரலால் தேடு" என்றார். அதனால் உங்கள் தாத்தா கதையை நான் நம்பத் தயார்.

சும்மா சொல்கிறேன் எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் எல்லார் வீட்டுத் தாத்தாவும் டாக்டருக்குப் பாடம் சொன்னவராக இருக்க முடியுமா? என் பெரியப்பா துறைமுகத்தில் "கேப்டன்" என்று நாற்பது வருடம் நம்பினோம், பார்த்தால் கப்பலுக்குச் சாயம் அடித்தவர். அட்டெண்டன்டாக இருந்தார் என்றே எழுதுங்களேன், அதில் என்ன கேவலம்? பிள்ளையின் செயல்திட்டத்தில் பொய் போக வேண்டாம்.

ஓய்வுபெற்ற மிஸ்ஸி எழுதியது:

தம்பி சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. நான் 1964இல் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்தவள், ஜெனரல் ஆஸ்பத்திரியிலும் கண்டாங் கெர்பாவ் (கேகே) பிரசவ ஆஸ்பத்திரியிலும் வேலை பார்த்தவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நம் ஆட்கள் ஆஸ்பத்திரி வேலையை எல்லாம் ஒரே மாதிரி "டிரெஸ்ஸர்" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. டிரெஸ்ஸர் என்றால் ஆஸ்பத்திரி உதவியாளர், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும், பரீட்சை எழுத வேண்டும். தோட்டங்களில் டாக்டர் மாதத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்ப்பார், மற்ற நாளெல்லாம் டிரெஸ்ஸர்தான் டாக்டர். தங்கச்சி, உங்கள் தாத்தாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்றால் அவர் டிரெஸ்ஸர் இல்லை, அட்டெண்டன்டாகத்தான் இருந்திருப்பார். அட்டெண்டன்டிலும் பல வகை. வார்டு, ஆபரேஷன் தியேட்டர், மாவுக்கட்டு அறை, ஆய்வகம், பிணவறை. சாவிக்கொத்து வைத்திருந்தால் அவர் வார்டு ஆள் இல்லை, வார்டில் சாவி எல்லாம் சிஸ்டரிடம்தான்.

அட்டெண்டன்ட் பாடம் சொல்வாரா என்று கேட்டால், நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாவுக்கட்டு அறையில் ஒரு தமிழ்ப் பெரியவர் இருந்தார். புது ஹவுஸ்மன் ஒருவர் ஒரு பையனுக்கு முழங்கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்த உடனே சுற்றப் போனார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, அந்தச் சுருளை அவர் கையிலிருந்து வாங்கி மறுபடி வாளியில் வைத்தார், குமிழி வருவது நிற்கும்வரை காத்திருந்தார், எடுத்து இரண்டு முனையிலும் லேசாகப் பிழிந்து திருப்பிக் கொடுத்தார். அப்புறம் கட்டு முடிந்ததும் பையனின் விரல் நகத்தை அமுக்கிக் காட்டினார், வெள்ளையாகித் திரும்பச் சிவக்கிறதா பார் என்று. ஒரு வார்த்தை ஆங்கிலம் இல்லை. அந்த ஹவுஸ்மன் பிறகு பெரிய எலும்பு டாக்டர் ஆனார். இதற்குப் பெயர் பாடம் இல்லை என்றால் வேறு என்ன?

மருத்துவ மாணவர்கள் ஜெனரல் ஆஸ்பத்திரியோடு நின்றுவிடவில்லை, அதையும் மகளிடம் சொல்லுங்கள். காசநோய் படிக்க டான் டோக் செங் போவார்கள், பிரசவம் படிக்கக் கேகே வருவார்கள். கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில், தேக்காப் பக்கம் நம்மவர்கள் மாடு வைத்திருந்த இடம். நான் போன சமயத்தில் அங்கே கூட்டம் என்றால் கூட்டம், 1966இல் மட்டும் கிட்டத்தட்ட 40,000 குழந்தைகள். உலகத்தில் வேறு எந்தப் பிரசவ ஆஸ்பத்திரியிலும் அத்தனை இல்லை என்று கின்னஸில் போட்டார்கள். எங்களுக்குப் பெருமைப்பட எங்கே நேரம்? மாணவர்கள் இத்தனை பிரசவம் பார்த்தோம் என்று புத்தகத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், நடு இரவில் அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மிட்வைஃப் பின்னால் கெஞ்சிக்கொண்டு நடப்பார்கள். பேராசிரியர் எஸ்.எஸ். ரத்தினம் யாழ்ப்பாணத் தமிழர், 1983இல் ஆசியாவின் முதல் சோதனைக் குழாய்க் குழந்தை என்று பேப்பரில் வந்ததே, அது அவருடைய குழுதான். அப்பேர்ப்பட்ட துறையிலும் புது மாணவனுக்கு முதலில் கை கழுவக் கற்றுக்கொடுத்தது மிட்வைஃப்தான்.

சாவிக்கொத்துதான் எனக்கு உறுத்துகிறது. காலேஜ் கட்டடத்துக்கு முன்னால் நிற்கிற அட்டெண்டன்ட், கையில் சாவி. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, ஆனால் நான் சொல்வதைவிட அங்கே படித்த டாக்டர் யாராவது சொன்னால் நல்லது.

பழைய மாணவன் எழுதியது:

நான் அறுபதுகளின் கடைசியில் சிப்பாய் லைன்ஸில் படித்தவன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. பொதுவாக இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. சாவிக்கொத்தையும் கரண்டியையும் சேர்த்துப் படித்ததும் எழுதத் தோன்றியது.

அம்மா, உங்கள் தாத்தாவை எனக்குத் தெரியாது, நான் சேர்வதற்குள் அவர் ஓய்வு பெற்றிருக்கலாம். ஆனால் என் ஊகம், அவர் உடற்கூறு கூடத்தில் வேலை பார்த்தவர். மாணவர்கள் சடலத்தை அறுத்துப் படிக்கும் கூடம். அந்தக் காலத்தில் உறவினர் யாரும் கேட்டு வராத உடல்கள்தாம் வரும். தொடை ரத்தக்குழாய் வழியாக ஃபார்மலின் ஏற்றி, தொட்டியில் மாதக்கணக்கில் ஊறவைத்து, பருவம் தொடங்கும்போது மேசைக்கு எடுத்து வைப்பது எல்லாம் அட்டெண்டன்ட் வேலை. கூடத்துக்கும் தொட்டிக்கும் பூட்டு உண்டு, சாவி அவரிடம். பேராசிரியரே உள்ளே போக வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிட வேண்டும்.

எங்களுக்கும் அப்படி ஒரு தமிழர் இருந்தார். ஒரு மேசைக்குச் சில மாணவர்கள், நான் சடலத்தின் கைப்பக்கம் போய் நிற்கிறேன், அக்குளுக்குள் கயிறு கயிறாக ஏதேதோ ஓடுகிறது, புத்தகத்தில் சிவப்பு நீலம் மஞ்சள் என்று நிறம் தீட்டி வைத்திருக்கிறான், இங்கே எல்லாம் ஒரே பழுப்பு. நான் விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தார் போலிருக்கிறது. பக்கத்தில் வந்து மெதுவாக, "தம்பி, கண்ணால பாக்காதீங்க. ரெண்டு விரலுக்கு நடுவுல வச்சு உருட்டுங்க. தட்டையாப் போனா குழாய், கயிறாவே உருண்டா நரம்பு" என்றார். பிறகு சீன மாணவன் பக்கம் திரும்பி அதையே மலாயில் சொன்னார். அத்தனை கிளைகளின் லத்தீன் பெயரும் அவருக்குத் தெரியும், எழுதத்தான் தெரியாது. வாய்மொழித் தேர்வுக்கு முன் நாங்கள் ரகசியமாக அவரிடம் ஒரு சுற்றுப் போவோம், தேர்வாளர் எந்த மேசையில் எதில் பெயர் கேட்க ஊசி குத்தி வைப்பார் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சொல்வார். அதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை, மனிதர்!

நோய்க்கூறியலில் எங்களுக்குப் பேராசிரியர் கே. சண்முகரத்தினம், இன்றைய அதிபர் தர்மனின் தந்தை, 1967இல் புற்றுநோய்ப் பதிவகத்தைத் தொடங்கியவர். அவரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்த அட்டெண்டன்ட் பற்றி எழுத யாரும் இல்லை, எனக்கே அவர் முழுப்பெயர் தெரியாது, "அண்ணே" என்றுதான் கூப்பிட்டோம். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி கரண்டி. அது வெள்ளைக்காரப் பழக்கம் இல்லை. அப்போது எங்களில் பலர் கையுறை போடுவதில்லை. ஃபார்மலின் வாசனை எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணை விட்டுப் போகாது. சோற்றை உருட்டி வாய்க்குக் கொண்டுபோகும்போது மூக்குக்குக் கீழே வரும் பாருங்கள், அத்தோடு சாப்பாடு முடிந்தது. முதல் வருடம் நானும் வீட்டில் கரண்டியால்தான் சாப்பிட்டேன், அம்மா திட்டுவார். எனக்கு அது ஒரு வருடம். அவருக்கு வேலைக்காலம் முழுவதும்.

சும்மா சொல்கிறேன் எழுதியது:

சரி டாக்டர், நான் வாயை மூடிக்கொள்கிறேன். என் பெரியப்பாவும் கேப்டனாக இருந்திருப்பாரோ என்னவோ.

தேக்கா பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் ஐயா எழுதியதை நேற்று இரவு அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாவி என்றதும் அம்மாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருந்த தாத்தாவை ஆள் வந்து கூப்பிட்டுப் போனார்களாம், சாவி அவரிடம் இருக்கிறது என்று. பாட்டி அன்றைக்கு முழுவதும் யாரிடமும் பேசவில்லையாம்.

அப்புறம் குவார்ட்டர்ஸில் பின்பக்கக் குழாயடியில் பாட்டி எப்போதும் பிழிந்த எலுமிச்சை மூடிகளை ஒரு தகரக் குவளையில் போட்டு வைத்திருப்பாராம். தாத்தா வேலை முடிந்து முன்வாசல் வழியாக வரமாட்டார், பின்னால் போய் அதில் கையைத் தேய்த்துக் குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். ஆஸ்பத்திரிச் சீக்கு பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்பதற்காக என்று அம்மா இத்தனை நாள் நினைத்திருக்கிறார். என்ன வேலை என்று தாத்தாவும் சொல்லவில்லை, பாட்டியும் சொல்லவில்லை. குவார்ட்டர்ஸில் தெரிந்தால் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கமாட்டார்கள் என்று பயந்திருப்பார்கள் போல.

வாசித்து முடித்ததும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அதான் எங்களுக்கு ஒருநாளும் ஊட்டிவிடலையா" என்றார்.

மகள் செயல்திட்டத்தில் அட்டெண்டன்ட் என்றே எழுதப் போகிறாள், உருட்டிப் பார்க்கும் பாடத்தையும் சேர்த்து. சனிக்கிழமை அம்மாவும் வருகிறேன் என்கிறார். அவருக்கு முழங்கால் வலி, ஊட்ரம் பார்க் ரயில் நிலையத்திலிருந்து அந்தத் தூண் கட்டடத்துக்கு நடக்க முடியுமா, மேடு அதிகமா?

பழங்கட்டடப் பைத்தியம் எழுதியது:

மேடுதான் அக்கா. அம்மாவை நடக்க வைக்காதீர்கள். டாக்சியில் காலேஜ் ரோடு என்று சொல்லிக் கட்டடத்துக்கு முன்னாலேயே இறங்குங்கள், வெளியே நின்று பார்க்கலாம், படம் எடுக்கலாம். பிஸ்கட் டின் படத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். எந்தத் தூணுக்கு முன்னால் நின்றார் என்று பொருத்திப் பார்த்துவிடலாம்.